பெட்டியின் எண்ணும் கம்பியின் எண்ணும்



வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தனியோர் இடம் உண்டு. தெருவில் பேசும் மொழி வேறாக இருப்பினும், மாலையில் கூடத்தில் ஒலிக்கும் மொழி தமிழாக இருப்பதற்கு அப்பெட்டியும் ஒரு காரணம். ஆகவே பழையது பழுதாகிப் புதியது வாங்க நேரும்போது, குடும்பம் முழுவதும் கூடி ஆராய்ந்தே பணத்தை எடுக்கிறது. கடைக்குச் சென்றால் திரையின் அளவும் விலையும் அன்றி, அட்டைப் பெட்டியின் மீது பெரிய எழுத்தில் மற்றோர் எண்ணும் கண்ணில் படுகிறது. ஒன்றில் 120 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். மற்றொன்றில் 144 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர் 800, 1200 என்ற எண்களும் காணப்பட்டன. எண் வளர வளர விலையும் வளர்கிறது.

இவ்வெண் கூறுவது என்ன? வினாடிக்கு 120 படங்களைக் கொண்ட ஒரு காட்சியை வெளியிலிருந்து அனுப்பினால், அப்பெட்டி அந்த 120 படங்களையும் ஏற்று, ஒன்றையும் விடாமல் காட்டுமா? அல்லது குறைவான படங்களை வாங்கிக்கொண்டு, மிகுதியாகக் காட்டுவது போன்ற தோற்றத்தை மட்டும் அளிக்குமா? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றை அறிந்தவருக்கு இன்றைய கடைவீதியில் ஏமாற்றம் குறையும்.

முதலில் ஒரு பாகுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோம். அசையும் படத்தில் மூன்று வேகங்கள் உள்ளன. காமிரா வினாடிக்கு எத்தனை படங்களை எடுக்கிறது என்பது முதலாவது. அவற்றுள் எத்தனை படங்கள் வானலை வழியாகவோ கம்பி வழியாகவோ பெட்டியை வந்தடைகின்றன என்பது இரண்டாவது. திரை வினாடிக்கு எத்தனை முறை தன்னைப் புதுப்பித்துக் காட்டுகிறது என்பது மூன்றாவது. இவற்றை எடுக்கும் வேகம், அனுப்பும் வேகம், காட்டும் வேகம் என்று அழைப்போம். அட்டைப் பெட்டியின் மீதுள்ள எண், மூன்றாவதைப் பற்றியது மட்டுமே. சில வேளைகளில் அதைப் பற்றியதும் அன்று.

இம்மூன்றும் வேறுபடுவது புதிய சூழ்ச்சியன்று. சினிமா பிறந்த நாளிலேயே தொடங்கியது. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். அடுத்த ஆண்டே, 1896 ஜூலை 7-ஆம் நாள், பம்பாயில் வாட்சன் ஓட்டலில் அப்படங்கள் காட்டப்பட்டன. அவர்களது கருவி வினாடிக்கு ஏறத்தாழ 16 படங்களை ஓட்டியது. அசைவு தொடர்ச்சியாகத் தோன்றுவதற்கு இது ஒருவாறு போதுமானது. ஆனால் ஒவ்வொரு படமும் மாறும் பொழுது ஒளியை மறைக்க வேண்டியிருந்ததால், திரை வினாடிக்குப் பதினாறு முறை இருண்டு ஒளிர்ந்து கண்ணை வருத்தியது. அசைவு தொடர்வதற்கு வேண்டிய வேகம் ஒன்று. ஒளி நடுங்காதிருப்பதற்கு வேண்டிய வேகம் வேறொன்று. பின்னது முன்னதைவிட மிகவும் உயர்ந்தது. திரை பிரகாசமாக ஆக ஆக இன்னும் உயர்வது.

பொறியாளர்கள் இதற்கு எளிய வழியொன்று கண்டனர். படச்சுருளை வேகமாக ஓட்டினால் செலவு பெருகும். ஆகவே சுருளை அதே வேகத்தில் ஓட்டி, சுழலும் மறைப்புத் தகட்டின் இதழ்களை மட்டும் அதிகமாக்கினர். மூன்று இதழ்கள் இருந்தால் ஒரே படம் மும்முறை ஒளிரும். 16 படங்கள் 48 ஒளிர்வுகள் ஆகும். ஒலியுடன் கூடிய படங்கள் வந்தபோது, 1920-களின் பிற்பகுதியில், வேகம் 24 படங்களாக நிலைபெற்றது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். நிமிடத்திற்கு 90 அடி ஓடினால் வினாடிக்கு 24 என்று கணக்கு வரும். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ் என்ற முதல் தமிழ்ப் பேசும்படம், பம்பாயில் அர்தேஷிர் இரானியின் ஸ்டுடியோவில் உருவானது. அதுவும் இந்தப் பேசும்பட யுகத்தின் பிள்ளையே. பேசும்படத்திற்கு இரண்டு இதழ்கள் போதுமானவை: 24 படங்கள், 48 ஒளிர்வுகள். எடுக்கும் வேகம் 24. காட்டும் வேகம் 48. ஆயினும் எந்தக் கொட்டகைக்காரரும் 48 படம் காட்டுகிறோம் என்று சுவரொட்டி ஒட்டவில்லை. இந்த நேர்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சி வந்தபோது இடர்ப்பாடு வேறு உருவெடுத்தது. 1936 நவம்பர் 2 அன்று லண்டனில் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டு முறைகள் மாறி மாறிச் சோதிக்கப்பட்டன. பெயர்டு முறை 240 கோடுகளால் ஆன முழுப்படத்தை வினாடிக்கு 25 முறை அனுப்பியது. மார்க்கோனி-ஈ.எம்.ஐ. முறையோ 405 கோடுகளை உடையது. அது ஒரு புதிய உத்தியைக் கையாண்டது: முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் அனுப்புவது, அடுத்து இரட்டைப்படைக் கோடுகளை மட்டும் அனுப்புவது. பாயின் குறுக்கு இழைகளை ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, மறுமுறை இடைவெளிகளை நிரப்புவது போன்ற செயல் இது. வினாடிக்கு 25 முழுப்படங்களே சென்றன. ஆனால் அவை 50 அரைப்படங்களாகச் சென்றதால் திரை 50 முறை ஒளிர்ந்தது. நடுக்கம் தணிந்தது. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பெயர்டு முறை கைவிடப்பட்டது.

50 என்ற எண் ஏன் வந்தது? அந்நாட்டின் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. படத்தின் வேகமும் மின்சாரத்தின் வேகமும் ஒத்திருந்தால், மின்சாரத்தால் படத்தில் விளையும் கோளாறுகள் திரையில் ஊர்ந்து திரியாமல் ஓரிடத்தில் நிற்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 முறை அலைவதால் 1941-இல் அங்கு வகுக்கப்பட்ட 525 கோட்டு முறை 60 அரைப்படங்களைக் கொண்டது. 1953-இல் வண்ணம் சேர்க்கப்பட்டபோது, வண்ண அலையும் ஒலி அலையும் ஒன்றோடொன்று மோதாதிருக்க 60 என்பதை 59.94 என்று சிறிது குறைத்தனர். அந்தப் பின்ன எண் இன்றைய பெட்டிகளின் உள்ளேயும் வாழ்கிறது.

நமது நாட்டிலும் மின்சாரம் 50 முறை அலைவதே. 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகத் தொலைக்காட்சி சோதனை முறையில் தொடங்கியது. 1972-இல் பம்பாய், 1975 ஆகஸ்டில் கல்கத்தாவும் சென்னையும் நிலையங்களைப் பெற்றன. 1976 ஏப்ரல் முதல் நாள் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் ஆயிற்று. 1982-இல் ஆசிய விளையாட்டுகளை ஒட்டி வண்ணம் வந்தது. டில்லியில் அக்காலத்தில் வாழ்ந்த தமிழன்பர்கள் பலர், அண்டை வீட்டுக் கூடத்தில் தரையில் அமர்ந்து அந்த வண்ணத்தை முதன்முதலில் கண்டிருப்பார்கள். இந்த ஒளிபரப்பு 625 கோடுகளும் 50 அரைப்படங்களும் கொண்டது. 625 கோடுகளை வினாடிக்கு 25 முறை வரைந்தால் 15,625 கோடுகள். ஐம்பதையும் முழுப்படங்களாக அனுப்ப முயன்றிருந்தால் வானலையில் ஏறத்தாழ இருமடங்கு இடம் வேண்டியிருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, ஒவ்வோர் அசைவின்போதும் கோடுகளில் பாதியைத் துறந்தனர். பாதியை விட்டு இருமடங்கைப் பெறும் இந்தப் பேரத்தை மறவாதீர்கள். இது மீண்டும் வரும்.

பெரிய படக்குழாய்கள் வந்தபின் 50 ஒளிர்வுகளும் போதவில்லை. வெண்மையான பகுதிகள் துடித்தன. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் ஐரோப்பாவில் 100 ஹெர்ட்ஸ் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. வந்த அரைப்படத்தை ஒரு நினைவகத்தில் சேமித்து, அதையே இருமுறை காட்டின. கொட்டகையின் மறைப்புத் தகடு மின்னணு வடிவம் எடுத்தது என்று கூறலாம். அனுப்பும் வேகம் 50. காட்டும் வேகம் 100. ஆனால் இம்முறை 100 என்ற எண் பெட்டியின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டது. எண் விளம்பரமாக மாறிய காலம் இது.

அடுத்து வந்தது திரவப் படிகத் திரை, அதாவது எல்.சி.டி. இதற்கு நடுக்கம் என்னும் நோய் இல்லை. படக்குழாய் மின்னலைப் போல் ஒளிர்ந்து அணைவது. திரவப் படிகமோ அடுத்த படம் வரும் வரை முந்தைய படத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது. ஆனால் அதனாலேயே வேறொரு நோய் பிறந்தது. எல்லையை நோக்கி விரையும் கிரிக்கெட் பந்தை நம் கண் இடைவிடாது பின்தொடர்கிறது. திரையிலுள்ள பந்தோ அறுபதில் ஒரு வினாடி நின்று, பின்னர் தாவுகிறது. கண் ஓடுகிறது, படம் நிற்கிறது. ஆகவே பந்து நீண்ட கறையாகத் தோன்றுகிறது. இதனைத் தணிக்க 2007-ஐ ஒட்டி 120 ஹெர்ட்ஸ் திரைகளும், 2009-ஐ ஒட்டி 240 ஹெர்ட்ஸ் திரைகளும் கடைக்கு வந்தன. வந்த இரு படங்களுக்கு இடையே இல்லாத படமொன்றைக் கணக்கிட்டு உண்டாக்கி நடுவில் செருகும் பணியைப் பெட்டியே செய்தது.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பத்தை அடைகிறது. கொட்டகைத் தகடும் 100 ஹெர்ட்ஸ் படக்குழாயும் இருக்கும் படத்தைத் திரும்பக் காட்டின. புதிய பெட்டியோ எவரும் எடுக்காத படத்தைப் புனைந்து காட்டியது. அதுமட்டுமன்று. திரைக்குப் பின்னுள்ள விளக்கை அணைத்து ஏற்றுவதையும் சேர்த்து எண்ணி, 400, 800, 1200 என்று எண்களைப் பெருக்கினார்கள் பல விற்பனையாளர்கள். பிளாஸ்மா திரைகளில் 600 என்ற எண் வேறு வகையில் பிறந்தது. ஒரு படத்தின் ஒளிச்சாயல்களை உண்டாக்க அதனைப் பத்துத் துணைத் துடிப்புகளாகப் பிரிப்பர்; 60 படங்களைப் பத்தால் பெருக்கினால் 600. அது பொய்யன்று, ஆனால் 600 படங்களும் அன்று.

இவ்வளவு காலமும் அனுப்பும் வேகம் எங்கே நின்றது? ஏறத்தாழ அசையாமல் நின்றது. பெட்டியோடு கருவிகளை இணைக்கும் ஹெச்.டி.எம்.ஐ. என்ற கம்பிமுறை 2002 டிசம்பரில் வகுக்கப்பட்டது. 2006-இல் வந்த 1.3 என்னும் பதிப்பு வினாடிக்கு 1020 கோடி பிட் தகவலைச் சுமக்க வல்லது. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட படத்தை வினாடிக்கு 120 முறை அனுப்ப, ஓரங்களில் விடப்படும் இடைவெளிகளையும் குறியீட்டுச் சுமையையும் கூட்டினாலும், ஏறத்தாழ 890 கோடி பிட் போதும். அதாவது, கம்பியில் இடம் இருந்தது. திரையிலும் 120-க்கு ஆற்றல் இருந்தது. இடையில் இருந்த வாயில்தான் மூடியிருந்தது.

அவ்வாயில் மூடியிருந்த விதத்தையும் கூற வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியைக் கணினியோடு இணைத்தவுடன், பெட்டி தன்னைப் பற்றிய ஒரு சிறு அறிமுகச் சீட்டைக் கணினிக்கு அனுப்புகிறது. இன்ன இன்ன அளவுகளை, இன்ன இன்ன வேகங்களில் ஏற்பேன் என்று அச்சீட்டு கூறும். 120 ஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட அக்காலப் பெட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை, அச்சீட்டில் 60 என்றே எழுதிக்கொடுத்தன. கடைக்காரரிடம் ஒரு வயது, பள்ளிக்கூடத்தில் ஒரு வயது கூறுவதைப் போன்றது இது. கணினியில் ஆர்வம் கொண்ட சிலர் அச்சீட்டைப் பொருட்படுத்தாமல், வலிந்து 120 படங்களை அனுப்பிப் பார்த்தனர். சில பெட்டிகள் திரையை இருளாக்கி மறுத்தன. சில ஏற்பது போல் ஏற்று, ஒன்றுவிட்டு ஒரு படத்தை உள்ளேயே எறிந்துவிட்டன. மிகச் சிலவே அனைத்தையும் உண்மையாகக் காட்டின. அவற்றின் உற்பத்தியாளர்களே அந்த ஆற்றலைக் குறிப்பேட்டில் குறிப்பிடவில்லை.

2010-இல் முப்பரிமாணத் தொலைக்காட்சி வந்தபோதும் இதே நிலை நீடித்தது. மூக்குக்கண்ணாடி அணிந்து பார்க்கும் அப்பெட்டிகள் இடக்கண்ணுக்கு 60, வலக்கண்ணுக்கு 60 என்று 120 முறை திரையை மாற்றின. ஆனால் வட்டிலிருந்து திரைப்படமாக வந்தவை 24 இணைப்படங்கள் மட்டுமே. எஞ்சிய வேலையைப் பெட்டி செய்தது.

இதற்கிடையில் படத்தின் நுண்மை நான்கு மடங்காகியது. 4கே எனப்படும் படத்தில் 3840-க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். 2013-இல் வந்த 2.0 என்னும் பதிப்பு வினாடிக்கு 1800 கோடி பிட்களைச் சுமந்தது. 4கே படத்தை 60 முறை அனுப்ப 1782 கோடி வேண்டும். மயிரிழை இடைவெளியில் அது அடங்கிற்று. 120-க்கு அதே முறையில் 3500 கோடிக்கும் மேல் வேண்டுமாதலின் இடமே இல்லை. 2010-களின் பிற்பகுதியில் சில பெட்டிகள், புள்ளிகளைக் குறைத்துக்கொண்டால் 120 படங்களை ஏற்போம் என்று அறிமுகச் சீட்டில் வெளிப்படையாக எழுதத் தொடங்கின. இறுதியில் 2017 நவம்பரில் 4800 கோடி பிட் சுமக்கும் 2.1 பதிப்பு வெளியிடப்பட்டது. 2019-இல் அவ்வாயிலைக் கொண்ட பெட்டிகள் கடைக்கு வந்தன. 2020 நவம்பரில் வந்த புதிய வீடியோ கேம் கருவிகள் 4கே அளவில் 120 படங்களை அனுப்பத் தொடங்கின. எடுக்கும் வேகம், அனுப்பும் வேகம், காட்டும் வேகம் ஆகிய மூன்றும் 120 என்ற ஒரே எண்ணில் வீட்டுக் கூடத்தில் பரவலாகச் சந்தித்தது அப்பொழுதுதான்.

ஆகவே, இன்றைய தொலைக்காட்சி உயர்வேகச் சமிக்ஞையை உண்மையில் ஏற்கிறதா என்ற வினாவுக்கு, ஆம், ஏற்கும் பெட்டிகள் இருக்கின்றன என்பது விடையின் முதற்பாதி. மறுபாதியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

முதலாவதாக, 2.1 என்ற எண் மட்டும் உறுதிமொழி ஆகாது. அப்பதிப்பில் கூறப்பட்ட சிறப்புகள் பலவும் விருப்பத்திற்கு உரியவை. ஒன்றிரண்டை மட்டும் அளித்துவிட்டு அப்பெயரைச் சூட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. இரண்டாவதாக, நான்கு வாயில்கள் உள்ள பெட்டியில் ஒன்றோ இரண்டோ மட்டுமே 120-ஐ ஏற்பது உண்டு. தவறான வாயிலில் கம்பியைச் செருகினால் 60 மட்டுமே கிடைக்கும். மூன்றாவது, மிகவும் கவனிக்க வேண்டியது. உண்மையில் 60 ஹெர்ட்ஸ் ஆற்றல் மட்டுமே உள்ள திரையை 120 ஹெர்ட்ஸ் என்று விற்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டுக் கடைகளிலும் பரவியிருக்கிறது. டி.எல்.ஜி. என்ற மூன்று எழுத்துகள் விளம்பரத்தின் ஓரத்தில் காணப்படும். அம்முறையில் திரை ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே எழுதுவதில்லை. இரண்டிரண்டு கோடுகளை ஒரே தகவலால் ஒருசேர எழுதுகிறது. அதனால் வேகம் இருமடங்காகிறது. 2160 கோடுகள் 1080 ஆகச் சுருங்குகின்றன.

1936-இல் லண்டனில் செய்த அதே பேரம்! பாதிக் கோடுகளை விட்டு இருமடங்கு வேகத்தைப் பெறுவது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அன்று வானலையில் இடம் போதாமையால் பொறியாளர்கள் அதனைச் செய்தனர். இன்ன முறையில் செய்கிறோம் என்று பகிரங்கமாக எழுதியும் வைத்தனர். இன்று 4கே என்ற எண்ணையும் 120 என்ற எண்ணையும் ஒரே அட்டையில் அருகருகே அச்சிடுகின்றனர். இரண்டும் தனித்தனியே மெய். ஒரே நேரத்தில் இரண்டும் மெய்யாகா. பணம் கொடுப்பவருக்கு அந்த வேற்றுமை தெரிய வேண்டாமா?

இனி, பெட்டி உண்மையாகவே 120-ஐ ஏற்றாலும், அதற்கு ஊட்ட என்ன இருக்கிறது என்பதையும் காண்போம். நம் நாட்டு உயர்தெளிவு ஒளிபரப்புகள் 1080 கோடுகளை, பழைய முறையிலேயே, 50 அரைப்படங்களாக அனுப்பி வந்திருக்கின்றன. 1936-இன் பின்னல் முறை இன்னமும் நம் வீட்டிற்குள் வருகிறது. 4கே வட்டுகளின் உச்ச வேகம் 60. திரைப்படங்கள் பெரும்பாலும் 24. அந்த 24-ஐ மீற முயன்றவர்கள் உண்டு. டக்ளஸ் டிரம்புல் என்பார் 1970-களின் பிற்பகுதியில் வினாடிக்கு 60 படங்கள் கொண்ட ஷோஸ்கேன் முறையை உருவாக்கினார். 2012-இல் தி ஹாபிட் படம் 48 வேகத்தில் வெளியானது. ஆங் லீ இயக்கிய ஜெமினி மேன் 2019-இல் 120 வேகத்தில் எடுக்கப்பட்டது. வீட்டு வட்டாக வந்தபோது அது 60 ஆகக் குறைந்தது. 120 படங்களுக்கு இடமளிக்கும் ஒளிபரப்பு விதிகளைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012-லேயே வகுத்துவிட்டது. ஆயினும் 2018 டிசம்பர் முதல் நாள் ஜப்பானில் தொடங்கிய 8கே ஒளிபரப்பும் 60 என்ற எண்ணிலேயே நின்றது. வீட்டுக்குள் 120-ஐ மெய்யாக அனுப்புபவை இன்று பெரும்பாலும் கணினியும் வீடியோ கேம் கருவியுமே.

அப்படியாயின் திரைப்படமும் தொடரும் கிரிக்கெட்டும் மட்டும் பார்க்கும் குடும்பத்திற்கு 120 ஹெர்ட்ஸ் திரையால் பயனே இல்லையா? ஒரு பயன் உண்டு. அது எளிய வகுத்தலில் விளைவது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. ஆகவே 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை இருமுறையும் அடுத்த படத்தை மும்முறையும் காட்டி, நொண்டி நடைபோல் செல்கிறது. காமிரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் இது உறுத்தும். 120-ஐ 24-ஆல் வகுத்தால் மீதமின்றி ஐந்து. ஒவ்வொரு படமும் சமமாக ஐந்து முறை நிற்கும். உயர்வேகச் சமிக்ஞை எதுவும் வராமலே கிடைக்கும் நன்மை இது.

இதற்கு நேர்மாறான தீமை, முன்னர்க் கூறிய புனைபடங்கள். 24 வேகப் படத்தில் பெட்டி தானே படங்களை உண்டாக்கிச் செருகும்போது, நடிகர்கள் நாடக மேடையில் நிற்பது போன்ற ஒரு செயற்கைத் தோற்றம் உண்டாகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்தச் செயலை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். 2019-இல் பல உற்பத்தியாளர்கள் சேர்ந்து, ஒரே பொத்தானில் அதனை அணைக்கும் ஃபிலிம்மேக்கர் மோடு என்ற வகையை அறிவித்தனர். எடுக்காத படத்தைக் காட்டும் எண், பெருமைக்கு உரியதன்று என்பதை அந்தத் தொழிலே ஒருவாறு ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

நேயர்கள் கடைக்குச் செல்லும்போது கேட்க வேண்டியவை இவை. இந்த வாயில் 4கே அளவில் 120 படங்களை ஏற்கிறதா, எத்தனை வாயில்கள் ஏற்கின்றன? கோடுகளைப் பாதியாக்காமல் ஏற்கிறதா? குறிப்பேட்டில் ஹெச்.டி.எம்.ஐ. உள்ளீடு பற்றிய சிறு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது? முகப்பில் உள்ள பெரிய எழுத்தைவிட அந்தச் சிறு எழுத்தே மெய் பேசுவது. வீட்டிற்கு வந்தபின், அதிவேகச் சமிக்ஞைக்கென்று சான்று பெற்ற கம்பியைப் பயன்படுத்துவதும், பெட்டியின் அமைப்புப் பட்டியலில் அந்த வாயிலுக்குரிய உயர்வேக வகையைத் திறந்துவிடுவதும் தேவை.

ஐயம் தீர ஒரு சோதனையும் உண்டு. கணினியை 120 வேகத்தில் இணைத்து, வரிசையான கட்டங்கள் படத்திற்கு ஒன்றாக அடுத்தடுத்து ஒளிரும் சோதனைப் படத்தைத் திரையில் ஓட்டுங்கள். கைப்பேசிக் காமிராவைப் பத்தில் ஒரு வினாடி திறந்திருக்குமாறு வைத்து, ஆடாமல் ஒரு படம் எடுங்கள். 120 படங்களும் மெய்யாகவே திரைக்கு வந்தால், அப்படத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இடைவெளியின்றி ஒளிர்ந்திருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று இருண்டிருந்தால், பெட்டி பாதியை விழுங்கிவிட்டது என்று பொருள். விளம்பரம் என்ன சொன்னாலும் கட்டங்கள் பொய் சொல்லா.

வீட்டில் கணினி விளையாட்டில் ஈடுபாடுள்ள இளைஞர் இருந்தால், உண்மையான 120-க்குச் செலவிடுவது தகும். மாலையில் செய்தியும் இரவில் ஒரு படமும் பார்க்கும் இல்லத்திற்கோ அது இன்றியமையாததன்று. நல்ல நிறமும் போதிய ஒளியும் தெளிவான ஒலியும் அதனினும் முந்தியவை. இரு சாராரும் ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். கொட்டகைத் தகட்டிலிருந்து இன்றைய திரை வரை, காட்டும் வேகம் எப்போதும் முன்னே ஓடியிருக்கிறது. அனுப்பும் வேகம் மெல்லப் பின்னே நடந்து வந்திருக்கிறது. பெட்டியின் மீதுள்ள எண்ணைக் கண்டவுடன், கம்பியின் எண் யாது என்று கேட்கப் பழகுவோமாக.